கம்பைன் இயந்திரத்தில் மணியும் வைக்கோலும் பிரியும் விதம்: அறிந்து சரிசெய்யும் முறை

அறுவடை நடக்கும்போது கம்பைன் இயந்திரத்தின் பின்னால் நடந்து பார்த்தால் வைக்கோலோடு மணி விழுந்து கிடக்கிறது. தானிய டேங்கில் கையை விட்டு அள்ளினால் உடைந்த மணியும் கூளமும் வருகின்றன. இந்த இரண்டு குறைகளையும் ஒன்றாகக் காணும் ஓட்டுநர் பெரும்பாலும் முதலில் கைவைப்பது விசிறியிலும் சல்லடையிலும்தான். கோளாறின் வேரோ அநேகமாக அதற்கு முன்பே, கதிரடிக்கும் உருளையில் இருக்கிறது. உருளை தேவைக்கு மேல் அடித்தால் மணி உடைவதோடு தாளும் துண்டு துண்டாக நொறுங்கும். அந்தத் துண்டுகளே பின்னால் உள்ள ஒவ்வொரு உறுப்பையும் திணறடிக்கும். ஆகவே, தாளை இயன்றவரை முழுதாக விட்டுவிட்டு மணியை மட்டும் உதிர்ப்பதே எல்லாச் சரிசெய்தலுக்கும் அடிப்படை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த வழிகாட்டியைப் படிக்க வேண்டும்.

ஒரே இயந்திரத்தில் அறுத்து, அடித்து, தூற்றும் முயற்சி புதிதன்று. அமெரிக்காவின் மிச்சிகனில் ஹைரம் மூர் என்பவர் 1830களிலேயே குதிரைகள் இழுக்கும் கம்பைனை உருவாக்கினார். அன்று முதல் இன்றுவரை இயந்திரத்தின் உள்ளே மணி பிரிவது மூன்று கட்டங்களில்தான். உருளையும் அதன் அடியில் உள்ள கான்கேவ் என்னும் வளைந்த சட்டமும் அடித்தும் தேய்த்தும் மணியைக் கதிரிலிருந்து உதிர்க்கின்றன. அடுத்து, ஸ்ட்ரா வாக்கர் குலுக்கியோ, ரோட்டர் சுழற்றியோ, வைக்கோலுக்குள் சிக்கிய மணியை வெளியே எடுக்கின்றன. கடைசியாக, காற்றும் சல்லடையும் பதரையும் கூளத்தையும் அகற்றுகின்றன. ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டம் அனுப்பியதை வைத்துத்தான் வேலை செய்ய முடியும் என்பதால், சரிசெய்தலும் முன்னிருந்து பின்னோக்கியே செல்ல வேண்டும்.

உள்ளே போகும் பயிர்

இயந்திரத்துக்குள் எவ்வளவு தாள் போகிறதோ அவ்வளவும் பிரிக்கப்பட வேண்டிய சுமை. எனவே, வைக்கோல் தேவைப்படாத வயலில் கதிருக்குக் கீழே சற்று உயர்த்தி அறுப்பதே பிரிப்பு வேலையைக் குறைக்கும் மிக எளிய வழியாகும். இதே எண்ணத்தை வெவ்வேறு வகையில் எட்டிய இரண்டு அமைப்புகளும் உண்டு. 1980களில் இங்கிலாந்தின் சில்சோவில் உருவாக்கப்பட்ட ஸ்டிரிப்பர் ஹெடர், தாளை வயலிலேயே நிற்கவிட்டுக் கதிரிலிருந்து மணியை மட்டும் சீவி எடுக்கிறது. ஜப்பானில் நெல்லுக்குப் பரவலாகப் பயன்படும் தலைப்பிடிக் கம்பைனோ தாளைச் செயினால் பிடித்துக்கொண்டு கதிர்ப்பகுதியை மட்டும் உருளைக்குக் கொடுப்பதால் வைக்கோல் நசுங்காமல் முழு நீளத்தில் வெளியே வருகிறது. வழக்கமான கம்பைனில் இந்த வசதி கிடையாது. பயிர் முழுவதும் உள்ளே போகிறது.

பயிரை வெட்டும் கத்தி மேல் சாய்த்துத் தள்ளும் ரீலின் வேகம் வண்டியின் வேகத்தைவிடச் சற்றே, அதாவது 10 முதல் 25 சதவீதம் வரை, கூடுதலாக இருந்தால் பயிர் மெதுவாகச் சாய்ந்து கதிர்முனை முந்த உள்ளே வரும். அதற்கு மேல் வேகமாகச் சுழன்றால் ரீலே கதிரை அடித்து மணியைத் தரையில் உதிர்த்துவிடும். பயிர் கொத்துக் கொத்தாக இல்லாமல் ஒரே கனமுள்ள பாயாக உருளைக்குச் சேர வேண்டும். சேரவில்லையென்றால் ஒரு கணம் உருளை அளவுக்கு மீறித் திணறும், மறு கணம் வெறுமையாகச் சுற்றி மணியை உடைக்கும். அறுத்த பயிரை நடுவே சேர்க்கும் திருகான ஆகரின் இடைவெளியும், அதை உருளைக்கு இழுத்துச் செல்லும் ஃபீடர் செயினின் இறுக்கமும் சரியாக இல்லாத இயந்திரத்தில், அதன் பின்னால் உள்ள எதைத் திருத்தினாலும் பயன் நிலைக்காது.

உருளையும் கான்கேவும்

உருளையைச் சுற்றி நீளவாட்டில் பொருத்தப்பட்ட ராஸ்ப் பார் என்னும் வரிப்பட்டைகள், கான்கேவ் என்னும் வளைந்த கம்பிச் சட்டத்தின் மீது பயிரை இழுத்துக்கொண்டு செல்கின்றன. உருளை வேகமாகச் சுற்ற, பயிர் மெதுவாக நகர, இவ்விரண்டு வேகங்களுக்கும் உள்ள வேறுபாட்டால்தான் அடியும் தேய்ப்பும் உண்டாகி மணி கழல்கிறது. நெல்லுக்குப் பல இயந்திரங்களில் பட்டைக்குப் பதிலாக முள் பற்கள் இருக்கும். அவை தாளைச் சீவிச் செல்வதால் ஈரமான, நார்ப்பிடிப்புள்ள நெற்பயிரையும் சிக்கலில்லாமல் இழுத்துக்கொள்ளும்.

கான்கேவின் வேலை மணியை உதிர்ப்பதோடு முடிந்துவிடுவதில்லை. உதிர்ந்த மணியில் பெரும்பகுதி, நல்ல அமைப்பில் 70 முதல் 90 சதவீதம் வரை, அதன் கம்பி இடைவெளிகள் வழியாக அங்கேயே கீழே இறங்கிவிடுகிறது. எஞ்சிய மணியை மட்டுமே வாக்கர் மீட்டாக வேண்டும். எனவே, கான்கேவில் அடைப்பு இருக்கிறதா என்பதே முதற்பரிசோதனை. நெல்லின் சுணையும் ஈரக் கூளமும் களைச்சாறும் கம்பிகளுக்கு இடையே இறுகி ஒட்டிக்கொண்டால், வெளியிலிருந்து பார்ப்பதற்கு எல்லாம் ஒழுங்காகச் சுற்றுவது போலவே தோன்றும். ஆனால் மணி இறங்க வழியில்லாமல் வைக்கோலோடு பின்னே போய்விடும். எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, சுற்றும் உறுப்புகள் முற்றிலும் நின்றதை உறுதி செய்த பின்பே மூடியைத் திறந்து கம்பிகளைச் சுத்தம் செய்ய வேண்டும். எஞ்சின் நின்ற பிறகும் உருளை சிறிது நேரம் தன் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதால் இதில் எந்த அவசரமும் கூடாது.

உருளையின் வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று சொல்வது வழக்கமானாலும், மணி உணர்வது பட்டையின் விளிம்பு வேகத்தைத்தான். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளை நிமிடத்துக்கு 1000 முறை சுற்றினால் விளிம்பு வேகம் நொடிக்குச் சுமார் 31 மீட்டர். 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையில் அதே 1000 சுற்றுக்குச் சுமார் 24 மீட்டர்தான் கிடைக்கும். ஆகவே, இன்னொருவர் தம் இயந்திரத்துக்குச் சொல்லும் சுற்றெண்ணை விட்டத்தைக் கேட்காமல் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏறத்தாழச் சொன்னால், கோதுமைக்கு நொடிக்கு 25 முதல் 33 மீட்டரும், முள் பல் உருளையில் நெல்லுக்கு 20 முதல் 25 மீட்டரும், மக்காச்சோளத்துக்கு 12 முதல் 20 மீட்டரும் ஏற்றவை. எளிதில் பிளக்கும் பருப்பு வகைகளுக்கு 15 மீட்டருக்கும் கீழே வர வேண்டியிருக்கும். அடியின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், அதே 60 சென்டிமீட்டர் உருளையை 700 சுற்றிலிருந்து 1000 சுற்றுக்கு ஏற்றினால் மணியின் மேல் விழும் அடி இருமடங்காகிறது. ஆகவே, வேகத்தை ஏற்றும் முடிவைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும்.

கான்கேவ் இடைவெளி முன்புறம் அகலமாகவும் பின்புறம் குறுகலாகவும், ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் அமைகிறது. பயிர் நுழையும் இடத்தில் பாய் தடிமனாக இருக்கும். மணி இறங்க இறங்க அது மெலிவதால், பின்னே இடைவெளி குறைந்தால்தான் தேய்ப்பு தொடர்ந்து கிடைக்கும். கோதுமைக்கு முன்னே 14 மில்லிமீட்டர் அளவிலும் பின்னே 7 மில்லிமீட்டர் அளவிலும் தொடங்கலாம் என்றாலும், இயந்திரத்தோடு வரும் கையேட்டின் அட்டவணையே முதல் வழிகாட்டி. அந்த அட்டவணை எண்கள் கான்கேவ் உருளைக்கு இணையாக இருக்கும்போதுதான் பொருந்தும். இடப்பக்கமும் வலப்பக்கமும் வெவ்வேறாக இருந்தால் ஒரு பக்கம் மணி உடையும், மறுபக்கம் கதிரிலேயே மணி நிற்கும். பருவத் தொடக்கத்தில் இரு பக்கமும் அளவுகோல் வைத்துப் பார்ப்பதற்குச் செலவாகும் அரை மணி நேரம் மிகவும் பயனுள்ளது.

சரியாக அடிபட்டிருக்கிறதா என்று அறிய, வெளியே விழும் வைக்கோலில் ஒரு கதிர்க்காம்பைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். மணி எல்லாம் கழன்று, காம்பு உடையாமல், தாள் நீளமாகவும் ஓரளவு உருண்டையாகவும் இருந்தால் உருளை சரியான அளவில் இருக்கிறது. காம்பே பொடிப்பொடியாகி, தாள் நார் நாராகக் கிழிந்திருந்தால் அடி அதிகம். அப்போது முதலில் இடைவெளியைக் கூட்டி, பிறகும் குறையாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். காம்பில் மணி ஒட்டியிருந்தால் முதலில் இடைவெளியைக் குறைத்துப் பார்த்து, அது போதாதபோது மட்டும் வேகத்தை 30 அல்லது 50 சுற்று அளவில் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். ஒரு கதிரின் நுனியில் ஓரிரு பச்சை மணி நிற்பதைக் கண்டு இயந்திரத்தை இறுக்குவது, என் பார்வையில், மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. முற்றாத அந்த மணியை எடுக்கப் போய் முற்றிய மணி உடைந்துவிடுகிறது.

வைக்கோலுக்குள் சிக்கிய மணி

உருளையைத் தாண்டியதும் பீட்டர் என்னும் சிறு உருளை பாயின் வேகத்தை அடக்கி வாக்கரின் முன்பகுதியில் விழச் செய்கிறது. ஸ்ட்ரா வாக்கர் என்பது அடுத்தடுத்து வைக்கப்பட்ட நான்கு முதல் ஆறு நீண்ட படிக்கட்டுத் தொட்டிகள். கிராங்க் தண்டில் மாறி மாறிப் பொருத்தப்பட்டிருப்பதால் ஒன்று எழும்போது மற்றொன்று தாழ்கிறது. வைக்கோல் தூக்கி எறியப்பட்டு, காற்றில் விரிந்து, சற்றுப் பின்னே தள்ளி விழுகிறது. அந்த விரிவில் வழி கிடைத்து மணி தொட்டிக்குள் இறங்குகிறது.

வாக்கரின் வேகம் எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். கிராங்க் ஆரம் 50 மில்லிமீட்டராகவும் சுழற்சி நிமிடத்துக்கு 200 ஆகவும் இருந்தால், வாக்கரின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சுமார் 2.2 மடங்கு வரும். வைக்கோல் நன்றாக எழும்பும். பெல்ட் தளர்ந்தோ எஞ்சின் வேகம் குறைந்தோ சுழற்சி 150 ஆகிவிட்டால் முடுக்கம் 1.3 மடங்குக்கும் கீழே வந்து, பாய் விரியாமல் அப்படியே சறுக்கிப் பின்னே போகும். கண்ணுக்கு வாக்கர் அசைந்துகொண்டுதான் இருக்கும். மணி மட்டும் இறங்காது. இதனால்தான் அறுக்கும்போது எஞ்சினை எப்போதும் அதற்குரிய முழு வேகத்திலேயே வைத்து, பயிர் அதிகமானால் வண்டியின் ஓட்டத்தை மட்டும் குறைக்க வேண்டும். வாக்கரில் சுமை ஓர் எல்லையைத் தாண்டியதும் இழப்பு சிறிது சிறிதாக ஏறாமல் திடீரென்று பெருகுவதால், ஓட்டத்தைக் கொஞ்சம் குறைத்தாலே பலன் தெளிவாகத் தெரியும்.

ரோட்டர் வகைக் கம்பைன் இதே வேலையை வேறு விதமாகச் செய்கிறது. நியூ ஹாலண்டின் டிஆர்70 என்னும் இரட்டை ரோட்டர் இயந்திரம் 1975இலும், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் ஆக்சியல் ஃப்ளோ 1977இலும் சந்தைக்கு வந்த பிறகு இந்த வகை பரவியது. இயந்திரத்தின் நீளவாட்டில் கிடக்கும் நீண்ட ரோட்டரைச் சுற்றிப் பயிர் பலமுறை திருகி ஓடுகிறது; முன்பகுதியில் அடிபட்டு, பின்பகுதியில் சுழற்சி விசையால் மணி வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டுச் சட்டத்தின் துளைகள் வழியே இறங்குகிறது. 76 சென்டிமீட்டர் ரோட்டர் 800 சுற்றில் ஓடி, பயிர் அதன் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் சுற்றினாலும், மணியின் மேல் செயல்படும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 30 மடங்கு. வாக்கர் வகையில் பயிர் உருளையை ஒரே முறை கடக்கும்போது முடிவதை இங்கே பல சுற்றுகளாகப் பிரித்துச் செய்வதால் அடி மென்மையாகி மணி உடைவது குறைகிறது. அதற்கு விலையாகத் தாள் அதிகம் நொறுங்குகிறது, நெல் போன்ற ஈரப் பயிரில் எஞ்சினுக்குச் சுமையும் கூடுகிறது. வைக்கோலைக் கட்டி எடுக்க வேண்டியவருக்கு வாக்கர் வகையையே நான் பரிந்துரைப்பேன். ரோட்டரின் மேல்மூடியில் உள்ள வழிநடத்தும் தகடுகளைச் சரித்து வைத்தால் பயிர் உள்ளே நிற்கும் நேரம் கூடி மணி இழப்பு குறையும். வேகமாக வெளியேறும்படி திருப்பினால் தாள் முழுதாக வரும், எரிபொருளும் மிஞ்சும். முன்னே உருளையும் பின்னே ரோட்டரும் சேர்ந்த கலப்பு வகையும் இப்போது பெரிய இயந்திரங்களில் இருக்கிறது.

காற்றும் சல்லடையும்

கான்கேவிலிருந்தும் வாக்கரிலிருந்தும் இறங்கியவை ஆடும் தட்டு ஒன்றில் சேர்கின்றன. அது பின்னோக்கி ஆடும்போதே கனமான மணி அடியிலும் இலேசான கூளம் மேலேயுமாக அடுக்குப் பிரிகிறது. தட்டின் முனையிலிருந்து சல்லடைக்கு விழும் இடைவெளியில் விசிறிக் காற்று குறுக்கே பாய்ந்து பதரை ஊதித் தள்ளுகிறது. முறத்தில் தூற்றும்போது நடப்பது எதுவோ அதுவே இங்கும் நடக்கிறது. கோதுமை மணியை அந்தரத்தில் நிறுத்தி வைக்க நொடிக்குச் சுமார் 7 முதல் 9 மீட்டர் வேகக் காற்று தேவைப்படும். உமிக்கும் பதருக்கும் 2 அல்லது 3 மீட்டரே போதும். இந்த இடைவெளி பெரிது என்பதால் பதரை நீக்குவது எளிது. ஆனால் கணுவோடு உடைந்த குட்டைத் தாள் துண்டு கனத்தில் மணியை நெருங்கிவிடுகிறது. காற்று அதைத் தூக்காது, சல்லடைத் துளையிலும் அது நுழைந்துவிடும். டேங்கில் இத்தகைய கணுத் துண்டுகள் மிகுந்திருந்தால் அதற்குக் காரணம் விசிறி இல்லை, உருளை.

மேல் சல்லடையையும் கீழ்ச் சல்லடையையும் கையேட்டின் அளவில் வைத்துவிட்டு, விசிறியை ஓரளவு வேகத்தில் தொடங்க வேண்டும். காற்று வைக்கோல் துகளைச் சல்லடைக்குச் சற்று மேலே மிதக்க வைக்க வேண்டும். அப்போதுதான் மணி தடையின்றித் துளையை அடையும். பலர் பின்னால் மணி விழுந்தாலே காற்று அதிகம் என்று முடிவு செய்து விசிறியைக் குறைத்துவிடுகிறார்கள். காற்று குறைந்தால் கூளம் சல்லடை மீது போர்வையாகப் படிந்து, மணி அதன் மேலேயே பயணம் செய்து பின்னே விழும். இழப்பு இன்னும் கூடும். காற்று அதிகமா குறைவா என்பதைக் கூளத்தைப் பார்த்தே சொல்லலாம். பின்னே விழும் மணி தனித்தனியாக, வண்டிக்குத் தொலைவாகச் சிதறிக் கிடந்து, டேங்கும் மிகச் சுத்தமாக இருந்தால் காற்று அதிகம். கூளத்தோடு குவியலாக விழுந்து டேங்கிலும் கூளம் வந்தால் காற்று குறைவு.

மேல் சல்லடையைத் தாண்டியும் முழுதாக அடிபடாத கதிர்த் துண்டுகள் கடைசிப் பகுதியில் இறங்கி, மேலே தூக்கிச் செல்லும் எலிவேட்டர் வழியாக மீண்டும் உருளைக்குப் போகின்றன. இந்தத் திரும்பு ஓட்டத்தைப் பார்க்கும் வசதி இருந்தால் அடிக்கடி பார்க்க வேண்டும். அதில் அடிபடாத கதிர்த் துண்டுகள் சிறிதளவு இருப்பது இயல்பு. சுத்தமான, உதிர்ந்த மணியே நிறைய ஓடினால் கீழ்ச் சல்லடை அளவுக்கு மீறி மூடியிருக்கிறது என்று பொருள். அந்த மணி வீணாக இரண்டாம் முறை அடிபட்டு உடைகிறது. டேங்கில் உடைந்த மணியைக் கண்டு உருளை வேகத்தைக் குறைப்பதற்கு முன் இதைப் பார்ப்பது அவசியம்.

சரிவான நிலத்தில் மணியும் கூளமும் சல்லடையின் தாழ்ந்த பக்கத்தில் குவிந்து, உயர்ந்த பக்கத்தில் காற்று வெறுமனே ஓடிவிடும். தானாகச் சமன் செய்யும் சல்லடை இல்லாத இயந்திரத்தில், சரிவுக்குக் குறுக்கே ஓட்டாமல் மேலும் கீழுமாக ஓட்டுவது நல்லது.

இழப்பை எண்ணிப் பார்ப்பது

கண்ணால் பார்த்து இழப்பை மதிப்பிடுவது ஏமாற்றிவிடும், ஏனெனில் முழு அறுவடை அகலத்தின் மணியும் ஒரு குறுகிய வரிசையில் விழுகிறது. வைக்கோல் நறுக்கியையும் பரப்பியையும் நிறுத்திவிட்டு, கால் சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு தட்டை, அறுக்கும் பகுதி கடந்து சென்ற பின், வைக்கோல் விழுவதற்கு முன்பான இடைவெளியில் தரையில் இருக்கச் செய்ய வேண்டும். இயந்திரத்தின் அடியில் மாட்டி, வேண்டிய இடத்தில் தானே கழன்று விழும்படி செய்த தட்டுகள் இதற்கென்றே கிடைக்கின்றன. ஓடும் இயந்திரத்தின் அடியில் கையால் எறிவதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். தானாக உதிர்ந்த மணியும் ரீல் உதிர்த்த மணியும் தட்டுக்கு அடியில் கிடப்பதால், தட்டில் இருப்பது இயந்திரத்தின் உள்ளிருந்து வந்த இழப்பு மட்டுமே.

தட்டில் 200 கோதுமை மணி இருப்பதாகக் கொள்வோம். ஒரு சதுர மீட்டருக்கு 800. அறுவடை அகலம் 4 மீட்டர், வைக்கோல் விழும் அகலம் 1 மீட்டர் என்றால், வயல் முழுவதற்கும் கணக்கிட நான்கால் வகுக்க, சதுர மீட்டருக்கு 200 மணி ஆகிறது. ஆயிரம் மணி 40 கிராம் எடையுள்ள ரகத்தில் இது 8 கிராம், அதாவது எக்டேருக்கு 80 கிலோ. விளைச்சல் எக்டேருக்கு 4 டன் என்றால் இழப்பு 2 சதவீதம். அடுத்து, தட்டில் இருப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கதிரிலேயே ஒட்டிய மணி உருளையின் குறை. நீண்ட வைக்கோலை உதறும்போது விழும் மணி வாக்கரின் குறை. பொடிக் கூளத்தோடு கிடப்பது சல்லடையின் அல்லது விசிறியின் குறை. எந்தக் குறை பெரிதோ அதற்குரிய ஒரே ஓர் அமைப்பை மாற்றி, அதே வயலில், அதே ஓட்டத்தில் மீண்டும் தட்டு வைத்து எண்ண வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று கடைசிவரை தெரியாது.

ஈரப்பதம் மாறினால் இந்த எண்கள் எல்லாம் மாறும். நெல்லை 20 முதல் 25 சதவீத ஈரத்தில் அறுப்பதே மணி உதிராமலும் வெடிக்காமலும் இருக்க ஏற்ற நிலை. காலையில் ஈரமான தாள் மணியை எளிதில் விடாது. நண்பகல் கடந்ததும் தாள் காய்ந்து நொறுங்கத் தொடங்கும். காலையில் வைத்த இறுக்கத்தையே அப்போதும் வைத்திருந்தால் கூளம் பெருகும். வயலுக்குள் இறங்கியதும் ஒரு முறை, வெயில் ஏறியதும் ஒரு முறை, மாலையில் ஈரம் திரும்பியதும் ஒரு முறை என வைக்கோலையும் டேங்கையும் சோதிப்பது நல்ல பழக்கம்.

புதிய இயந்திரங்களில் வாக்கர் முனையிலும் சல்லடை முனையிலும் மணி மோதும் அதிர்வை எண்ணும் சென்சார்களும், எலிவேட்டரில் மணியைப் படம் பிடித்து உடைந்ததையும் கூளத்தையும் கணிக்கும் கேமராக்களும் உள்ளன. இவற்றில் சில, உருளை வேகத்தையும் விசிறியையும் தாமே மாற்றிக்கொள்கின்றன. ஆனால் மோதலை எண்ணும் சென்சார் காட்டுவது இழப்பு கூடுகிறதா குறைகிறதா என்பதையே. எத்தனை கிலோ என்பது அதற்குத் தெரியாது. ஆகவே, தட்டில் எண்ணி ஏற்கத்தக்க இழப்பில் இயந்திரம் ஓடும்போது, திரையின் முள் நடுவில் நிற்கும்படி சென்சாரின் உணர்திறனை அமைத்துக்கொள்ள வேண்டும். பயிரின் வகை மாறும்போது, மணியின் எடையும் மோதும் வேகமும் மாறுவதால், தட்டை மறுபடி வைத்து எண்ணி அந்த அமைப்பையும் புதிதாகச் செய்ய வேண்டும்.